நுழைவுத்தேர்வு எங்கே போனது?

"இப்போ யாரு இன்ஜினியர் இல்ல? கல்லை விட்டெறிஞ்சா ஒரு பி.இ. தலையிலதான் விழும்." போன வாரம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் சொன்னது. இதோடு விட்டிருந்தால் நானும் சிரித்துவிட்டு ரசத்துக்குப் போயிருப்பேன். "எல்லாரையும் படிக்க வெச்சதுதான் தப்பு" என்று ஒன்றைச் சேர்த்தார். அந்த 'எல்லாரும்' யார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதில் நானும் ஒருவன்.

நான் 2007இல் சேர்ந்தவன். தமிழ்நாட்டில் பொறியியலுக்கு நுழைவுத்தேர்வை எடுத்துவிட்ட முதல் வருடம் அது. பிளஸ் டூ மார்க்கை வைத்தே 200க்கு கட்ஆஃப். கோச்சிங் போக வழியில்லாத வீட்டில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த வீட்டில் இருந்தவனுக்குத்தான் தெரியும். கவுன்சலிங்கில் ஒரு தனியார் கல்லூரி கிடைத்தது. வருடத்துக்கு 32,500 ரூபாய். முதல் வருடம் அம்மாவின் வளையல், மூன்றாம் வருடம் செயின். முதல் பட்டதாரி கட்டணச் சலுகை 2010இல் வந்தபோது நான் கடைசி வருடத்துக்குப் போய்விட்டேன்.

எங்கள் கல்லூரிக்கு கேம்பஸுக்கு வந்த பெரிய கம்பெனி ஒன்றே ஒன்று. பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி மூன்றிலும் 60 சதவீதம் வேண்டும், அரியர் நிற்கக்கூடாது. பத்தாவதில் எனக்கு 58. அந்த வருடம் எங்கள் பள்ளியில் பாதி நாள் ஆங்கில வாத்தியாரே கிடையாது. தப்பித்துப் போனவர்களை ஆப்டிட்யூட் டெஸ்டும், இங்கிலீஷில் குரூப் டிஸ்கஷனும் பார்த்துக்கொண்டன. காலேஜ் வாசலிலிருந்து எடுத்த நுழைவுத்தேர்வைக் கம்பெனி வாசலில் வைத்திருந்தார்கள். ஒரே வித்தியாசம், இடையில் அம்மாவின் நகை போயிருந்தது.

இதில் யாருடைய சதியும் இல்லை. பட்டதாரி ஊருக்கு ஒருவர் இருந்தபோது சான்றிதழே போதும். எல்லோர் கையிலும் அது இருந்தால் வேலை கொடுப்பவன் வேறு எதையாவது பார்ப்பான்: கல்லூரிப் பெயர், இங்கிலீஷ், தெரிந்த ஆள். அவை மூன்றும் அதே பழைய வீடுகளில்தான் இருக்கின்றன.

சரி, கல்லூரிகள் மேல் தப்பில்லையா? நிறைய இருக்கிறது. 1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சுயநிதிக் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தது. ஒரு கட்டத்தில் 550ஐத் தாண்டிப் போனது. கட்டடம் கட்டிவிடலாம், வாத்தியாருக்கு எங்கே போவது? ஆஃபர் லெட்டர் கையில் இருந்தும் ஜாயினிங் தேதி வராத 2009 பேட்ச் சீனியர் ஒருவர் அடுத்த வருடம் எங்களுக்கே பாடம் எடுக்க வந்தார். நேற்று வரை 'அண்ணா', இன்று 'சார்'. அவரைக் குறை சொல்ல மாட்டேன், பாவம், முந்தின ராத்திரி படித்துவிட்டு வருவார்.

ஆனால் நிஜமாக அடிபட்டவர்கள் நாங்கள்கூட இல்லை. 2022இல் குரூப் 4 அரசு வேலைத் தேர்வு அறிவிப்பில் 7,301 இடம். விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 22 லட்சம். கேட்கும் தகுதி பத்தாவது. எழுதுகிற கூட்டத்தில் எத்தனை பி.இ., எத்தனை எம்.ஏ. என்று எந்த ஊர் கோச்சிங் சென்டர் வாசலில் நின்றாலும் தெரியும். என் அறையில் இருந்த மெக்கானிக்கல்காரன் முன்பு ஒரு முறை அப்படித்தான் ஜூனியர் அசிஸ்டென்ட் ஆனான். நல்லா இருக்கட்டும். பத்தாவதோடு நின்ற ஒருவனுக்கு அந்த இடம் இல்லாமல் போனது. அவனைப் பற்றிப் பந்தியில் யாரும் பேசுவதில்லை. அதற்காக அவனைப் போலவே நானும் நின்றிருக்க வேண்டும் என்று சொன்னால், மன்னிக்கவும்.

2021-22 கணக்குப்படி தமிழ்நாட்டில் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 47 சதவீதம், இந்தியாவுக்கு 28.4. இதைச் சொல்லிக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம், தூக்குகிறேன். அப்புறம் அந்த 47இல் எத்தனை பேருக்கு உருப்படியான வாத்தியார் கிடைத்தார் என்று கேட்பேன்.

நேற்று அக்கா மகள் போன் செய்தாள். அரசுப் பள்ளி, 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் கிடைக்கும், ஃபீஸ் அரசே கட்டிவிடும். "மாமா, பஸ்ஸெல்லாம் ஏசி, ஹாஸ்டல் சூப்பரா இருக்கு, அந்தக் காலேஜ் போடட்டுமா?" என்றாள். அங்கே பாடம் எடுக்கிறவர்கள் போன வருடம் அங்கேயே படித்து முடித்தவர்களா என்று மட்டும் விசாரித்துச் சொல்லச் சொன்னேன். இன்னும் அவள் திரும்பக் கூப்பிடவில்லை.