கம்ப்யூட்டரில் ஆர்ச் லினக்ஸ் என்ற ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போடுவது ரொம்ப ஈஸியாம்!

2021லிருந்து ஐஎஸ்ஓவிலேயே (யுஎஸ்பியில் ஏற்றும் இன்ஸ்டால் ஃபைல்) ஆர்ச்இன்ஸ்டால் என்ற ரெடிமேட் இன்ஸ்டாலர் இருக்கிறதே, அப்புறம் என்ன கஷ்டம் என்கிறார்கள். அது டிஸ்க்கைப் பிரிக்கும் பார்ட்டிஷன் கட்டத்தில் மக்கர் பண்ணினால்? பழையபடி கையால்தான். பூட் ஆக 1 ஜிபிக்கு இஎஃப்ஐ பார்ட்டிஷன், ஃபேட்32 ஃபார்மட், மவுன்ட், பேக்கேஜ்களைப் போட பேக்ஸ்ட்ராப், எந்தப் பார்ட்டிஷன் எங்கே என்று எஃப்எஸ்டேப் ஃபைலில் எழுத ஜென்எஃப்எஸ்டேப், புது சிஸ்டத்துக்குள் நுழைய சிஎச்ரூட், பூட் லோடராக க்ரப்... அப்பாடா என்று ரீபூட் செய்தால் இன்டர்நெட் இல்லை!

ஏன்? அடிப்படையான பேஸ் பேக்கேஜில், நெட்டை இணைக்கும் நெட்வொர்க்மேனேஜர் கிடையாது. நாமே போட்டு, எனேபிளும் செய்திருக்கணுமாம். இவ்வளவு நேரம் வைஃபை ஓடியதே? அது யுஎஸ்பியிலிருந்து ஓடிய இன்ஸ்டால் சிஸ்டத்துக்கு மட்டும், மகராசா! சரி, ஒரு ஃபைலைத் திருத்தலாமென்றால் நானோ எடிட்டர்கூட இல்லை. அதையும் தனியாகக் கேட்டு வாங்கணும்.

திரும்ப யுஎஸ்பியைச் செருகு, திரும்ப மவுன்ட் பண்ணு, திரும்ப சிஎச்ரூட். பதற்றத்தில் ஜென்எஃப்எஸ்டேப்பை இன்னொரு தரம் ஓட்டித் தொலைத்தால், எஃப்எஸ்டேப்பில் எல்லா வரியும் ரெண்டு ரெண்டு!