சாப்பிட்டது உடம்பில் ஒட்டினால்தானே?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் படியுங்கள்.

கை கால் குச்சியாகவும் வயிறு மட்டும் உப்பியும் இருக்கிற ஒரு குழந்தையின் படத்தை யாராவது இங்கே பகிர்ந்தால் போதும், "தினமும் ரெண்டு முட்டை, ஒரு டம்ளர் பால் குடுங்க, ரெண்டே மாசத்துல தேறிடும்" என்று பத்துப் பேர் வந்துவிடுகிறார்கள். நல்ல மனசுதான், குறை சொல்லவில்லை. ஆனால் குழந்தைகள் வார்டில் வருடக்கணக்காக நர்சாக இருந்தவள் என்ற முறையில் எனக்கு இந்தக் கணக்கில் உடன்பாடில்லை. முதல் இரண்டு வயதுக்குள் வருகிற பட்டினி, சாப்பாட்டைச் செரிக்கிற குடலையும் அதை வாங்கிப் பங்கு பிரிக்கிற கல்லீரலையுமே அடித்துவிடுகிறது. அதற்கப்புறம் தட்டில் எவ்வளவு வைக்கிறோம் என்பது பாதிக் கேள்விதான்.

முதலில் குடல். சிறுகுடலின் உள்சுவர் முழுக்கக் குடலுறிஞ்சிகள் விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும். சத்தை இழுத்துக்கொள்வது அவைதான். சத்துக் குறைவோடு, அழுக்குத் தண்ணீரிலிருந்தும் தரையிலிருந்தும் ஓயாமல் வாய்க்குள் போகிற கிருமிகளும் சேர்ந்தால் அந்த விரல்கள் குட்டையாகி மழுங்கிவிடும். சுவரும் தளர்ந்து, கிருமிகளின் துணுக்குகள் ரத்தத்தில் கசியும். உடம்பு எந்நேரமும் அதோடு மல்லுக்கட்டும். வளர்ச்சிக்குப் போக வேண்டிய சத்து அதிலேயே செலவாகிவிடும். வயிற்றுப்போக்கே இல்லாமலும் இதெல்லாம் நடக்கும் என்பதுதான் மோசம். "திங்கிறதெல்லாம் எங்க போகுதுன்னே தெரியல, உடம்புல ஒட்டவே மாட்டேங்குது" என்று ஒரு அம்மா சொன்னால், இவள் ஒழுங்காக ஊட்டியிருக்க மாட்டாள் என்று நினைக்கிறோம். பல நேரம் அவள் சொல்வது அப்படியே உண்மை.

இது நம் ஊரிலேயே கண்டறிந்த விஷயமும்கூட. வேலூர் சி.எம்.சி.யில் செல்வின் பேக்கர், வி.ஐ.மாத்தன் போன்றவர்கள் அரை நூற்றாண்டுக்கு முன்பே, வெளிப்பார்வைக்கு ஆரோக்கியமாக இருந்தவர்களின் குடலில்கூட இந்த மழுங்கலைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். போலியோ சொட்டு மருந்து மேலைநாட்டுக் குழந்தைகளிடம் பிடிப்பதுபோல நம் பிள்ளைகளிடம் பிடிப்பதில்லை, கூடுதல் தவணை வேண்டும் என்று 1970களிலேயே காட்டிய டி.ஜேக்கப் ஜானும் அதே வேலூர்தான். ரோட்டா வைரஸ் சொட்டு மருந்திலும் இதே கதை. பணக்கார நாடுகளில் கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கை 85 சதவீதத்துக்கு மேல் தடுக்கிறது என்கிறார்கள்; இந்தியாவில் ரோட்டாவேக் என்கிற நம் நாட்டு மருந்தின் சோதனையில் கிடைத்தது சுமார் 55. இதற்குக் காரணம் பல. கெட்டுப்போன குடல் அதில் ஒன்று என்று ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள்.

சரி, கல்லீரலுக்கு வருவோம். குடல் உறிஞ்சுகிற சத்தில் பெரும்பகுதி நேராக அங்கேதான் போகும். குடல் கசிந்தால் அந்தக் குப்பைக்கும் முதல் நிறுத்தம் அதுதான். பள்ளிக்கூட அறிவியல் புத்தகத்தில் மராஸ்மஸ், குவாஷியார்கர் என்று இரண்டு பெயர் படித்திருப்போம். முதலாவதில் குழந்தை வற்றி எலும்பாகும். இரண்டாவதில் குழந்தையின் கால் வீங்கும், தலைமுடி செம்பட்டையாகும், தோல் உரியும். இன்று கானா என்கிற நாட்டில் மக்காச்சோளக் கஞ்சியிலேயே வளர்ந்த குழந்தைகளிடம் இதைப் பார்த்து 1933இல் மருத்துவ உலகுக்கு விவரமாக எழுதியவர் சிசிலி வில்லியம்ஸ். சத்தான சாப்பாடே இல்லாத அந்தக் குழந்தைகளின் கல்லீரலில் கொழுப்பு அப்பிக் கிடந்தது! கொழுப்பைக் கல்லீரலிலிருந்து வெளியே ஏற்றி அனுப்பப் புரதம் வேண்டும், அதை எரிக்க செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா ஒழுங்காக ஓட வேண்டும். இரண்டும் படுத்துவிட்டால் கொழுப்பு அங்கேயே தேங்கிவிடும்.

அப்படியானால் புரதக் குறைதான் காரணமா என்றால், அங்கேதான் சேலத்தில் பிறந்த சி.கோபாலன் குறுக்கே வருகிறார். குன்னூரில் தொடங்கி ஹைதராபாத்துக்குப் போன தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தை வளர்த்தவர். ஒரே மாதிரி சாப்பாடு சாப்பிடுகிற குழந்தைகளில் ஒன்று வற்றி எலும்பாகிறது, இன்னொன்று வீங்குகிறது. அந்த வித்தியாசத்துக்குச் சாப்பாட்டை மட்டும் காரணம் சொல்ல முடியாது, அந்தந்த உடம்பு பட்டினிக்கு ஈடுகொடுக்கும் விதத்தையும் பார்க்க வேண்டும் என்றார். உலகமே புரதம் புரதம் என்று ஓடிக்கொண்டிருந்த 1960கள் அது. 2013இல் மலாவி நாட்டில் 317 இரட்டையர் ஜோடிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு வெளியானது. ஒரே வீடு, ஒரே சாப்பாடு, ஆனாலும் பல ஜோடிகளில் ஒரு குழந்தை நோயில் விழுந்தது, மற்றது நன்றாக இருந்தது. நோய்ப்பட்ட குழந்தையின் குடல் நுண்ணுயிரிகளை எலிகளுக்கு மாற்றி, மலாவிச் சாப்பாட்டையே கொடுத்தார்கள். எலிகளும் மெலிந்தன. கோபாலன் உயிரோடு இருந்தபோதே வந்த ஆய்வு இது. நம் ஊரில் யாரும் பெரிதாகப் பேசியதாக நினைவில்லை.

அந்த முட்டை, பால் யோசனைக்கு இப்போது வருகிறேன். கடுமையாக மெலிந்த, கால் வீங்கிய குழந்தை வார்டுக்கு வந்தால் முதல் சில நாள் கொடுப்பது எஃப்-75 என்கிற நீர்த்த பால். 100 மில்லியில் 75 கலோரி, ஒரு கிராம் புரதம்கூட இராது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரவும் பகலும், கிண்ணத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக. இரும்புச்சத்து மருந்துகூட உடனே தர மாட்டோம். கொழுப்பேறிய கல்லீரலால் புரதச் சுமையைத் தாங்க முடியாது. அவசரத்துக்குச் சர்க்கரை எடுத்துக் கொடுக்கவும் அதனிடம் இருப்பு கிடையாது. அதனால்தான் விடிகாலை நான்கு மணிப் பால் தவறவே கூடாது. தவறினால் ரத்தச் சர்க்கரை சரிந்து குழந்தை போய்விடலாம்.

இதை வீட்டுப் பெரியவர்களுக்குப் புரியவைப்பது தனிப் பாடு. ஒரு பாட்டி, முந்தானையில் அவித்த முட்டையை முடிந்து கொண்டு வந்துவிட்டார். "ஏன் நர்சம்மா, புள்ள பசியில கெடக்கு, நீங்க பால் தண்ணியக் காட்டி ஏமாத்துறீங்களே, இது அடுக்குமா?" என்று கேட்டார். "பாட்டி, வீக்கம் வடியட்டும், அப்புறம் நானே உரிச்சுத் தரேன்" என்றேன். கடைசிவரை என்னை நம்பவில்லை. நம்பாததில் தப்பும் சொல்ல முடியாது, பசித்த பிள்ளைக்குச் சோறு போடாதே என்றால் யார்தான் கேட்பார்கள்? வீக்கம் வடிந்து, பசி எடுத்து, எஃப்-100 என்கிற சத்து கூடிய பாலுக்கு மாறிய பிறகு அந்தப் பையன் கிண்ணத்தைப் பிடுங்கிக் குடித்தான்.

கல்லீரல் கொழுப்பு சிகிச்சையில் கரைந்துவிடும். குடல்தான் சுலபத்தில் திரும்புவதில்லை. டாக்காவில் இப்படித் தேறிய குழந்தைகளின் குடல் நுண்ணுயிரிகளைப் பார்த்தால், வயதுக்கு ஏற்ற முதிர்ச்சி வராமல் பின்தங்கியே இருந்தன. அதை மனதில் வைத்து அங்கே ஓர் உணவு தயாரித்தார்கள்: கொண்டைக்கடலை, நிலக்கடலை, சோயா, வாழைக்காய். டாக்காவின் மிர்பூர் பகுதியில் 123 குழந்தைகளிடம் நடத்திய சோதனை 2021இல் வெளியானது. இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு வழக்கமாகத் தரும் உணவைவிடக் கலோரி குறைவு, ஆனாலும் எடை வேகமாகக் கூடியது இதில்தான். நாளைக்கே யாராவது வாழைக்காய் மாவைப் பாக்கெட் போட்டு ‘லிவருக்கு நல்லது’ என்று விற்க வேண்டாம், புண்ணியமாகப் போகும்.

கழிப்பறையும் கைகழுவலும் போதும் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வே மூன்று நாடுகளிலும் பெரிய சோதனைகள் செய்தார்கள். அதனால் மட்டும் குழந்தைகள் உயரமாகவில்லை. கோழி எச்சம் கிடக்கிற முற்றத்தில் தவழ்கிற குழந்தைக்கு வீட்டு ஓரத்தில் ஒரு கழிப்பறை எந்த மூலைக்கு?

பின்னாளைக்கும் இது நீள்கிறது. புனேயில் மருத்துவர் யாஜ்னிக்கின் ஆய்வுக் குழு 1990களிலிருந்து பின்தொடரும் குழந்தைகள், பிறக்கும்போது எடை குறைவு, ஆனால் அந்தச் சின்ன உடம்பில் தசை குறைந்த அளவுக்குக் கொழுப்பு குறையவில்லை. "ஒல்லியாத்தானே இருக்கேன், எனக்கெப்படி ஃபேட்டி லிவர்?" என்று ஸ்கேன் ரிப்போர்ட்டோடு நிற்பவர்களில் சிலருக்குப் பதில் அவர்கள் அம்மாவின் கர்ப்ப காலத்தில் இருக்கலாம்.

இனி அரசியல். 1982 சத்துணவு, 2022 காலை உணவு இரண்டும் நமக்குப் பெருமைதான், யாரும் கை வைக்கக் கூடாது. ஆனால் சத்துணவு இரண்டு வயதுக்கு மேல்தான், காலை உணவு பள்ளி வாசலில்தான் தொடங்குகிறது. குடல் மழுங்குவது ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் நடுவில். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட நான்கு குழந்தைகளில் ஒன்று வயதுக்கேற்ற உயரம் இல்லை. நாடு முழுக்க 6 முதல் 23 மாதக் குழந்தைகளில் போதுமான உணவு கிடைப்பது சுமார் 11 சதவீதத்துக்குத்தான். அங்கன்வாடி சத்துமாவு வீட்டுக்கு வருகிறது, உண்மைதான். வந்த மாவு உருண்டையாகி வீட்டில் எல்லோருக்கும் பங்காகிவிடுகிறது.

அந்த வயதில்தான் அம்மா செங்கல் சூளைக்கோ நடவுக்கோ திரும்பிப் போகிறாள். குழந்தை எட்டு வயது அக்காவிடம். கிடைப்பது நீத்தண்ணியும் ஐந்து ரூபாய் பிஸ்கட்டும். அம்மாவுக்கு ‘ஊட்டச்சத்து விழிப்புணர்வு’ நடத்தி என்ன பயன், அவள் வீட்டிலேயே இல்லையே! ஒரு வேலையிடத்தில் ஐந்து சின்னக் குழந்தைகள் இருந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை அமர்த்த வேண்டும் என்று 2005 நூறு நாள் வேலைச் சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். எந்த ஏரிக்கரையிலாவது பார்த்தீர்களா? நான் பார்த்ததில்லை. பள்ளித் தட்டில் இன்னொரு பதார்த்தம் சேர்ப்பதற்கு முன்னால், சூளைக்குப் பக்கத்தில் சுடுதண்ணீரும் சமைக்க ஓர் ஆளும் உள்ள குழந்தைகள் காப்பகத்துக்குக் காசு ஒதுக்குங்கள் என்றுதான் நான் கேட்பேன்.