வயல் காவலுக்குப் படுத்திருப்பவரைப் பற்றியும் பேசுவோம்

ஆட்கொல்லிச் சிங்கம் என்றாலே சாவோ கதையைத்தான் எல்லாரும் எடுப்பார்கள். 1898-ல், இன்றைய கென்யாவில், சாவோ ஆற்றின்மேல் ரயில் பாலம் கட்ட வந்த தொழிலாளர்களை இரண்டு ஆண் சிங்கங்கள் மாதக்கணக்கில் கூடாரத்திலிருந்து இழுத்துக்கொண்டு போயின. அவற்றைச் சுட்டுக் கொன்ற பேட்டர்சன் பெயர் நமக்குத் தெரியும். இந்தியாவிலிருந்து போய்ச் செத்த கூலிகளில் ஒருவர் பெயராவது தெரியுமா? கூடவே ஒரு பேச்சு: "மனுஷ ரத்தத்த ஒருதடவ ருசி பாத்துட்டா விடாது."

இந்தப் பேச்சைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. இதைச் சொன்ன பிறகு, சிங்கம் ஏன் மனிதனிடம் வந்தது என்று யாரும் கேட்பதே இல்லை.

அந்த இரண்டு மண்டையோடுகளும் சிகாகோ ஃபீல்டு மியூசியத்தில் இருக்கின்றன. ஒன்றில் கீழ்த்தாடைக் கோரைப்பல் உடைந்து, வேரில் சீழ் வைத்த தடம் தெரிகிறது. திமிறும் காட்டெருமையை அந்த வாயால் எப்படிக் கவ்விப் பிடிப்பது? 2009-ல் வந்த ஆய்வு, இரண்டும் சேர்ந்து சுமார் 35 பேரைத் தின்றிருக்கலாம் என்றது. அதில் பெரும்பங்கு இந்தப் பல் உடைந்த சிங்கத்துடையது. ஆனால் இன்னொன்றுக்கு இவ்வளவு மோசமான பல் இல்லையே. 1890-களில் வெக்கை என்ற மாட்டுக் கொள்ளைநோய் வந்து கிழக்கு ஆப்பிரிக்காவில் மாடும் காட்டெருமையும் கூட்டம் கூட்டமாகச் செத்துப்போயிருந்தன. இரை குறைந்த அந்தக் காட்டில்தான் வெறும் முள்வேலிக்குள் அத்தனை பேரைப் படுக்க வைத்தார்கள்.

இது பழங்கதை இல்லை. சிங்க ஆராய்ச்சியாளர் கிரேக் பேக்கரின் குழு 2005-ல் வெளியிட்ட கணக்குப்படி, தான்சானியாவில் 1990-லிருந்து 2004 வரை சிங்கத்தால் செத்தவர்கள் குறைந்தது 563 பேர். ரூஃபிஜி, லிண்டி மாதிரியான தெற்குக் கடலோரப் பகுதிகளில்தான் நிறைய. அங்கே வரிக்குதிரை மாதிரியான இரை அருகிப்போய்விட்டது. மிஞ்சியிருப்பது காட்டுப்பன்றி. அது பயிரைத் தேடி வயலுக்கு வருகிறது. பன்றியைத் தேடிச் சிங்கமும் வருகிறது. அறுவடைக் காலத்தில் பன்றியை விரட்ட விவசாயி குடும்பத்தோடு அதே வயலில், கோலும் புல்லும் வைத்துக் கட்டிய குடிசையில் படுத்திருக்கிறார். ஒரு அறை விட்டால் பிய்ந்துவிடும் சுவர் அது.

நிலாக் கணக்கும் உண்டு. நல்ல நிலவொளியில் சிங்கத்துக்கு வேட்டை சரியாக அமையாது, பட்டினி கிடக்கும். பௌர்ணமி கழிந்ததும் பொழுது சாய்ந்து நிலா எழும்புகிறவரை கும்மிருட்டு. வயலிலிருந்து வீடு திரும்புகிறவரும், ஒதுங்கப் போகிறவரும் நடமாடும் நேரம் அதுதான். தாக்குதல் அதிகம் நடப்பது அந்தத் தேய்பிறை நாட்களின் முன்னிரவில்தான்.

ரூஃபிஜியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற ஒரு சிங்கத்தை 2004-ல் சுட்டார்கள். அதற்கும் கடைவாய்ப் பல்லில் சீழ் இருந்தது. நோய்ப்பட்ட சிங்கத்தைச் சுடத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் சுட்டதோடு வேலை முடிந்தது என்று துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிடக் கூடாது. அடுத்த அறுவடைக்கும் பன்றி வரும், விவசாயி அதே குடிசையில் படுப்பார். பன்றி ஏற முடியாதபடி வயலைச் சுற்றிப் பள்ளம் வெட்டவும், வீட்டை ஒட்டிக் கழிப்பறை கட்டவும் பணம் வேண்டும். ஆப்பிரிக்கச் சிங்கத்தைக் காப்பாற்ற உலகம் முழுக்க வசூலாகும் பணத்தில் முதல் பங்கு இதற்குத்தான் போக வேண்டும் என்பேன்.