ஆளுக்கொரு சட்டம்

போன சனிக்கிழமை வாங்கிக்கொண்ட அதே டப்பாவை இந்தச் சனிக்கிழமை வாங்க மாட்டேன் என்கிறார் மறுசுழற்சி மையத்துக்காரர். "அஞ்சாம் நம்பர் எடுக்கிறதில்லைங்க." போன வாரம் எடுத்தீர்களே என்றால், "அது வேற ஆளு" என்கிறார்.

வேற ஆளாம்! ஆளைப் பார்த்து பிளாஸ்டிக் மாறுமா?

வாரம் முழுக்கச் சமையலறை மூலையில் மூன்று பைகள். ஒவ்வொரு டப்பாவையும் கழுவி, கவிழ்த்துக் காயவைத்து, லேபிளை நகத்தால் சுரண்டி எடுத்திருக்கிறேன். நகக்கண்ணில் இன்னும் பசை போகவில்லை. அடியில் இருக்கும் முக்கோணத்தில் என்ன எண் என்று பார்க்க, டார்ச் அடித்துக் கண்ணை இடுக்கியதுதான் மிச்சம். அந்த முக்கோணமே ஒரு ஏமாற்று வேலை. 1988-இல் அதைக் கொண்டுவந்தது, இது எந்த வகைப் பிளாஸ்டிக் என்று அடையாளம் காட்டத்தான். ஒன்று தண்ணீர் பாட்டில் ரகம், ஐந்து பாலிபுரோப்பிலீன், ஆறு தெர்மாகோல் ரகம், அவ்வளவுதான். மறுசுழற்சிக்கு எடுப்பார்கள் என்று அதற்கு அர்த்தமே கிடையாது. ஆனால் துரத்திக்கொண்டு ஓடும் மூன்று அம்புகளைப் பார்த்தால் யார்தான் நம்ப மாட்டார்கள்? 2013-இல் அம்புகளை எடுத்துவிட்டு வெறும் முக்கோணமாக மாற்றினார்கள். என் வீட்டு டப்பாக்களுக்கு அந்தச் சேதி இன்னும் வந்து சேரவில்லை.

சரி, காரணம் சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேனா? எண்ணெய் ஊறிய அட்டை காகிதக் கூழைக் கெடுக்கும். லித்தியம் பேட்டரி நசுங்கினால் தீப்பிடிக்கும். எனக்கே தெரிகிற இதையெல்லாம் வாசலில் எழுதிவைக்க என்ன கேடு? பலகை ஒன்று இருக்கத்தான் இருக்கிறது. அதில் 'ஏற்கப்படாது' என்பது மட்டும் பளிச்சென்று தெரிகிறது. எது ஏற்கப்படாது என்பதை மழை கழுவிவிட்டது.

அப்புறம் அந்தக் கண்ணாடித் தொட்டி. வெள்ளைக்கு ஒரு ஓட்டை, பச்சைக்கு ஒன்று, பழுப்புக்கு ஒன்று. பயபக்தியோடு நிறம் பார்த்துப் போட்டேன். கடைசி பாட்டில் விழுந்த சத்தம் பக்கத்து ஓட்டையிலிருந்து வந்தது. குனிந்து எட்டிப் பார்த்தால், வாய்தான் மூன்று, வயிறு ஒன்றே ஒன்று!

இனி யாரிடம் போய் முட்டிக்கொள்ள? அஞ்சாம் நம்பர் பையைத் திரும்பத் தூக்கிக்கொண்டு, அந்த வேற ஆள் அடுத்த வாரம் இருப்பாரா என்று மட்டும் கேட்டேன்.

"அவரு லீவுங்க."