சங்கீதாவின் இரண்டு கோல்களுக்கு அப்புறம்

2025 ஜூலை 5, பெண்கள் கால்பந்து ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் தாய்லாந்தோடு இந்தியா மோதிய சியாங் மாய் ஆட்டத்தை நினைத்தால் இன்னும் உடம்பு சிலிர்க்கிறது. தாய்லாந்து சொந்த மண்ணில் ஆடுகிறது, 2015, 2019 என்று இரண்டு பெண்கள் உலகக் கோப்பைகளைப் பார்த்த அணி. நம் நடுகள ஆட்டக்காரர் சங்கீதா பாஸ்போர் முதல் பாதியில் ஒரு கோல் போட்டார், இடைவேளை முடிந்து வந்ததுமே அவர்கள் சமன் செய்துவிட்டார்கள், சரி, இனி நம் அணி தளர்ந்துவிடும் என்று நான் பயந்தேன். தளரவில்லை. மறுபடியும் சங்கீதா, 2-1. தகுதிச் சுற்றில் ஆடி ஜெயித்து இந்தியப் பெண்கள் ஆசியக் கோப்பைக்குள் போவது இதுதான் முதல் தடவை.

இதற்கு முந்தைய ஆசியக் கோப்பை 2022-இல் நம் நாட்டிலேயே நடந்தது. ஈரானோடு 0-0, அடுத்து சீன தைபே (தைவான் அணி) ஆட்டத்துக்கு ஆட ஆளே இல்லை, அணிக்குள் கொரோனா பரவி தொடரிலிருந்தே வெளியேற வேண்டியதாகிவிட்டது. அந்தப் பெண்களின் முகங்களை என்னால் மறக்க முடியவில்லை. 2026 மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் நடக்கும் கோப்பையில் அதே சீன தைபே நம் பிரிவில்தான் இருக்கிறது, கூடவே ஜப்பானும் வியட்நாமும்.

முன்னேற்றம் உண்மையானது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தகுதிச் சுற்றில் போட்ட 24 கோல்களைக் காட்டி யாராவது பெருமைப்பட்டால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அதில் 13 மங்கோலியாவுக்கு எதிராக வந்தவை. எதிரணி பந்துக்காக நெருக்காதபோது யார் வேண்டுமானாலும் அழகாகப் பாஸ் கொடுக்கலாம், ஜப்பான் மாதிரி அணி மூன்று பேராகப் பாய்ந்து வரும்போது நம் தடுப்பாட்டக்காரர்கள் பந்தைத் தூக்கி முன்னால் அடித்துவிடாமல் நிதானமாக நகர்த்துவார்களா என்பதுதான் என் கவலை. அப்புறம் தாய்லாந்துக்கு எதிரான இரண்டு கோலும் நடுகள ஆட்டக்காரர் போட்டவை. பெரிய ஆட்டத்தில் கோல் போடும் பொறுப்பை முன்களம் இன்னும் எடுத்துக்கொள்ளவில்லை.

இதற்கெல்லாம் ஆட்டக்காரர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2024-25 இந்தியப் பெண்கள் லீக்கில் 8 அணிகள், ஓர் அணிக்கு 14 ஆட்டங்கள், அவ்வளவுதான். ஜப்பானில் 12 அணிகள் 22 லீக் ஆட்டங்கள் ஆடுகின்றன, கோப்பைப் போட்டிகள் தனி. நெருக்கடியில் பந்தை வைத்திருக்கும் பழக்கம் முகாமில் வந்துவிடாது, வாராவாரம் நல்ல எதிரணியோடு மோதினால்தான் வரும். மதுரையின் சேது எஃப்சி 2019-இல் இந்த லீக்கை ஜெயித்தபோது இனி ஊருக்கு ஊர் இப்படி அணிகள் வரும் என்று நம்பினேன், இன்னும் காத்திருக்கிறேன்.

ஜப்பானிடம் தோற்றால் எனக்கு வருத்தம் இருக்காது, எப்படித் தோற்கிறோம் என்று பார்ப்பேன். வியட்நாமையும் சீன தைபேயையும் ஜெயிக்க முடியும் என்று மனதார நம்புகிறேன். இந்தத் தொடர்தான் உலகக் கோப்பைக்கும் தகுதிப் போட்டி, காலிறுதிக்குப் போய்விட்டால் 2027 பிரேசில் உலகக் கோப்பை கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடும். மூன்று ஆட்டங்களையும் முழுசாகப் பார்க்கப் போகிறேன், நீங்களும் பாருங்கள்.