99 ரூபாய்க்கு ஆயுள் முழுக்க டொமைன் (இணைய முகவரி) கிடைக்குமா?

"ஒருமுறை 99 ரூபாய் கட்டுங்கள், கடைப் பெயரில் டாட் காம் முகவரி ஆயுளுக்கும் உங்களுடையது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறானது. டாட் காம், டாட் இன் எதுவானாலும் ஒரே தடவையில் அதிகபட்சம் 10 ஆண்டுகளுக்குத்தான் பதிய முடியும். அப்புறம் புதுப்பிக்க வேண்டும்.

99 ரூபாய் என்பது பெரும்பாலும் முதல் ஆண்டுச் சலுகை. டாட் காமை நிர்வகிக்கும் வெரிசைன் நிறுவனம், நமக்கு முகவரி விற்கும் பதிவு நிறுவனங்களிடம் வாங்கும் ஆண்டுக் கட்டணத்தை 2024 செப்டம்பரில் 10.26 டாலராக உயர்த்தியது. அதுவே 800 ரூபாயைத் தாண்டுகிறது! ஆகவே பணம் கட்டும் பக்கத்தில் பெரிய எழுத்து விலையை விட்டுவிட்டு, 'ரினீவல்' (புதுப்பிப்பு) தொகையைப் பாருங்கள். உண்மையான விலை அதுதான்.

"ஆயுளுக்கும்" என்று நம்பிப் புதுப்பிக்காமல் விட்டால் தளமும் அந்த முகவரியில் இயங்கும் மின்னஞ்சலும் நின்றுபோகும். பதிவு நிறுவனம் பெயரை நீக்கிய பிறகும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, ஆனால் கூடுதல் கட்டணம் கேட்பார்கள். அதுவும் கடந்தால் 5 நாளில் பெயர் முழுவதுமாக விடுவிக்கப்பட்டு, யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். பல வருட உழைப்பில் வாடிக்கையாளர் மனதில் பதிந்த பெயர் அப்படிக் கைமாறுவது கொடுமை.

இன்னொன்று: தளம் வடிவமைப்பவரே வாங்கித் தந்தாலும், பதிவு உங்கள் பெயரிலும் உங்கள் மின்னஞ்சலிலும் இருக்கட்டும். காலாவதி நினைவூட்டல் அங்கேதான் வரும்.