ஒரே கணக்கு என்றாலும் போனும் கார்டும் வேறுவேறுதான்

லண்டனில் பிள்ளைகளைப் பார்க்கப் போகிறவர்களுக்காக ஒரு அண்ணா எழுதியிருக்கிறார்: அங்கே ரயிலிலும் பஸ்ஸிலும் கட்டணத்துக்கு வங்கிக் கார்டைத் தட்டினாலும், அதே கார்டு ஏற்றிய போனைத் தட்டினாலும், ஒரே கணக்கு என்பதால் ஒரு நாளுக்கான உச்சவரம்பு (அன்று எத்தனை முறை பயணித்தாலும் அதற்கு மேல் பிடிக்காத தொகை) சேர்த்தே பார்க்கப்படுமாம். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் அங்கே அப்படிக் கணக்கு வைப்பதில்லை.

போன், நாம் தட்டுகிற இயந்திரத்தின் மஞ்சள் வட்டத்துக்கு உங்கள் கார்டு எண்ணைக் கொடுப்பதில்லை. போனுக்கென்று உருவான வேறொரு எண்ணைத்தான் கொடுக்கிறது. கைக்கடிகாரத்துக்கு இன்னொரு எண். ஆகவே இயந்திரத்தின் கண்ணில் இவர்கள் தனித்தனிப் பயணிகள். காலையில் கார்டு, மாலையில் போன் என்றால் உச்சவரம்பும் தனித்தனியாகத்தான் ஓடும். இதைவிட மோசம், ஈஸ்ட்ஹாம் ரயில் நிலையத்தில் போனைத் தட்டி உள்ளே போய், வெம்பிளி பார்க் நிலையத்தில் கார்டைத் தட்டி வெளியே வருவது. அது பாதியில் நின்ற இரண்டு பயணங்களாகப் பதிவாகி, இரண்டுக்கும் அதிகபட்சக் கட்டணம் விழலாம். நம்ம கொழும்பு 100ஆம் நம்பர் பஸ் நடத்துனரிடம் போல, "தம்பி, நான் வெள்ளவத்தையில்தானே ஏறினேன்" என்று அந்த இயந்திரத்திடம் சொல்லவும் முடியாது.

சரிபார்க்க லண்டன் வரை போக வேண்டாம். போனின் வாலட்டில் கார்டு விவரத்தைத் திறந்து, சாதனக் கணக்கு எண்ணின் (போனுக்கென்று உருவான அந்த எண்தான்) கடைசி நான்கு இலக்கங்களைக் கையிலுள்ள கார்டோடு ஒப்பிடுங்கள். வேறாக இருக்கும். ஒரே கார்டையோ ஒரே சாதனத்தையோ பயன்படுத்தச் சொல்லி லண்டன் போக்குவரத்தை நடத்தும் டி.எஃப்.எல் நிறுவனத்தின் இணையத்தளத்திலும் எழுதியிருக்கிறார்கள்.